தள்ளுவண்டி ரகசியம்

பல் டாக்டர் கோபப்பட்டு அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவரிடம் போகிறவர்கள்தான் அலறுவார்கள். அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் அன்று காலை சலவைக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஓர் ஏப்ரன். அதன் நடுவில் மூன்றடுக்குக் கேக் ஒன்றின் படம் இருந்தது.

"இது என்ன?" என்று அதை மேசைமேல் போட்டார்.

"கேக்," என்றாள் பொத்தான்.

"அது எனக்கும் தெரியுது. என் வெள்ளைக் கோட்டு எங்க? அங்க ஒருத்தர் வாயைத் தொறந்துகிட்டு உக்காந்திருக்கார்!"

பொத்தானுக்குப் பத்து வயது. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும்தான் வாழ்கிறது. இரண்டு வயதில் கடையில் கிடந்த சட்டைப் பொத்தான் ஒன்றை எடுத்து மூக்குக்குள் போட்டுக்கொண்டாள். அதை எடுப்பதற்குள் மூன்று பேர் படாத பாடு பட்டார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் கடையிலும் அவள் பொத்தான்தான்.

பல் டாக்டரின் கோட்டு பேக்கரியில் இருந்தது. பேக்கரிக்காரர் அதைப் போட்டுக்கொண்டு ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரொட்டி வாங்க வந்த ஒரு சின்னப் பையன் ஊசி போடப் போகிறார்கள் என்று நினைத்து ஓடியே போய்விட்டானாம். அப்பா வேனை எடுத்துக்கொண்டு போய்க் கோட்டை மீட்டு வந்தார்.

கடையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். ஏனென்றால் துணியைப் பிரித்துக் கட்டியது அவர்தான், அவர் கட்டிய மூட்டை வீடு மாறிப் போனதாகச் சரித்திரமே இல்லை.

கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் எண் எழுதிய சீட்டு ஒன்றைக் குத்தி வைப்பார்கள். அம்மா சீட்டைப் பார்ப்பாள். அப்பாவும் சீட்டைப் பார்ப்பார். தாத்தா துணியைத்தான் பார்ப்பார். "இது மாடி வீட்டு வாத்தியார் சட்டை. இடது பையில மை ஒழுகியிருக்கும் பாரு," என்பார். பார்த்தால் ஒழுகியிருக்கும்.

அந்தத் தாத்தாதான் அடுத்த வாரம் கால்பந்துக் குழுவின் பதினொரு சட்டைகளை நர்சுகள் விடுதிக்கு அனுப்பி வைத்தார். அதற்கும் சிரித்தார்கள். அதற்கடுத்து வெள்ளைச் சட்டைகளோடு சிவப்புப் போர்வை ஒன்றை இயந்திரத்தில் போட்டுவிட்டார். பஸ் டிரைவர்களின் சட்டைகள் இருபத்திரண்டும் ரோஜா நிறத்தில் வெளியே வந்தன. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சோப்புத்தூளைப் போட்டதை மறந்து இரண்டாம் முறையும் போட்டார். நுரை பொங்கித் தெருவரைக்கும் போனது. "இன்னைக்கு மழை வருமா?" என்று கேட்டு, பதில் வாங்கி, ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேட்டார். முக்காலியில் உட்கார்ந்தபடியே பட்டப்பகலில் தூங்கினார். தலையைப் பிடித்துக்கொண்டு, "கனமா இருக்கு," என்றார். ஒருநாள் கடை வாசலிலேயே நின்றுகொண்டு, "நம்ம கடைக்கு எப்படிப் போகணும்?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். மாமா, அம்மாவின் அண்ணன். கெட்டவர் இல்லை. எந்தக் காரியமானாலும் சட்டுபுட்டென்று முடித்துவிட வேண்டும் அவருக்கு. அவ்வளவுதான்.

"அப்பாவுக்கு எழுபத்தாறு ஆச்சு," என்றார். "இந்த வயசுல இது வர்றதுதான். நல்ல முதியோர் இல்லமா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். தோட்டமெல்லாம் இருக்கு."

"அவருக்குத் தோட்டம் எதுக்கு அண்ணா? அவருக்குக் கடைதான் எல்லாம்."

"நாளைக்கு இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துட்டார்னா?"

வியாழக்கிழமைதான் அது நடந்திருந்தது. மேசை விரிப்பில் முக்கோணமாக ஒரு கருகல் இன்னும் இருந்தது.

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்," என்றார் அப்பா. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"காட்டுங்க. ஆனா வயசுக்கு ஏது மருந்து? நான் அந்த இல்லத்துல பேசி வைக்கிறேன். சனிக்கிழமை போய் இடத்தைப் பாத்துட்டு வந்துடலாம்."

பொத்தான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா இல்லாத கடையா? அவள் ஒரு பச்சைக் காலுறையையும் ஒரு கறுப்புக் காலுறையையும் சேர்த்து மடித்து வைத்தாள். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

"பொத்தான் வந்தா நானும் வர்றேன்," என்று தாத்தா பிடிவாதம் பிடித்ததால், டாக்டரிடம் போனபோது அவளும் கூடப் போனாள். டாக்டரம்மா இளவயதுக்காரர். அவசரமே இல்லாமல் பேசினார்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"கடை திறந்திருக்கிற கிழமை," என்றார் தாத்தா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க பாப்போம்."

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு... எண்பத்தாறு..." அதற்குமேல் வரவில்லை. கட்டு கட்டாகக் குவிந்த சட்டைகளைப் பார்வையிலேயே எண்ணிச் சொல்கிறவர், எண்பத்தாறிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா நிறையக் கேட்டார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. காய்ச்சல் வந்ததா? சரியாகத் தூங்குகிறாரா? காது கேட்கிறதா? எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"இந்த ரெண்டு மூணு மாசத்துல எங்கயாவது விழுந்தாரா? தலையில அடிகிடி பட்டுச்சா?"

"இல்லையே," என்றாள் அம்மா. "நான் கூடவேதான் இருக்கேன். எனக்குத் தெரியாமப் போகுமா?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்காய்யா?"

"விழறதுக்கு நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றார் தாத்தா.

பொத்தான் சட்டென்று தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏனென்றால் அடி பட்டிருந்தது. அது அவளுக்குத் தெரியும்.

ஆறு வாரத்துக்கு முன்னால் நடந்த கதை அது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, வகுப்பறையெல்லாம் குளமாகி, திடீரென்று விடுமுறை விட்டார்கள். அம்மாவும் அப்பாவும் ஒரு பெரிய ஓட்டலின் திரைச்சீலைகளைக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தார்கள். கடையில் தாத்தாவும் பொத்தானும் மட்டும்தான்.

கடையில் நான்கு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று உண்டு. ஈரத்துணியை அதில் போட்டு, துவைக்கும் அறையிலிருந்து பின்கட்டுக்கு இறக்குவார்கள். நடுவில் ஒரு சரிவு. 'வண்டியில் ஆட்கள் ஏறக்கூடாது' என்பது அம்மாவின் சட்டம். சுவரில் சாக்கட்டியால் எழுதியே வைத்திருந்தாள்.

தாத்தா அந்தச் சரிவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நாப்பது வருஷமா துணி மட்டும்தான் இதுல போகுது," என்றார்.

"ஏறுங்க தாத்தா. நான் தள்ளறேன்," என்றாள் பொத்தான்.

முதல் தடவை ஜோராகப் போனது. "இன்னொரு தடவை. இந்தத் தடவை வேகமா!" என்றார் தாத்தா. பொத்தான் முழு பலத்தையும் சேர்த்துத் தள்ளினாள். வண்டி கோணலாக ஓடித் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தில் இடித்தது. தாத்தாவின் தலை கம்பத்தில் ணங்கென்று மோதியது.

கொஞ்சநேரம் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பொத்தானுக்கு உயிரே போய்விட்டது. பிறகு தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். இரத்தம் ஒன்றும் வரவில்லை. வலது காதுக்கு மேலே சின்னதாக ஒரு வீக்கம்தான்.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் சோப்புப் போட்டு அலசிப் பிழிஞ்சு கொடியில போட்டுடுவா. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. சத்தியம்?"

"சத்தியமா சொல்ல மாட்டேன் தாத்தா."

இரண்டே நாளில் வீக்கம் வற்றிவிட்டது. தாத்தா பழையபடி வேலை செய்தார், பாடினார், அப்பாவைக் கேலி செய்தார். மூன்று வாரம் கழித்துத்தான் பல் டாக்டரின் கோட்டு பேக்கரிக்குப் போனது.

இதையெல்லாம் பொத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி யோசித்தாள். அன்றைக்கே சரியாகிப்போன அடியாயிற்றே அது? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதோடு சத்தியம் வேறு செய்திருக்கிறாள். இன்னொன்றும் இருந்தது, அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. வண்டியைத் தள்ளியது அவள்தானே?

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "அதுக்குள்ள மனசை விட்டுடாதீங்க. மறதின்னு வர்ற வயசானவங்க எல்லாருக்கும் முதுமை மறதி நோய்தான்னு சொல்லிட முடியாது. தைராய்டு குறைஞ்சாலும் இப்படி ஆகும். சில வைட்டமின் குறைஞ்சாலும், உடம்புல உப்பு குறைஞ்சாலும் ஆகும். சில மாத்திரை ஒத்துக்காமலும் ஆகும். அதெல்லாம் கண்டுபிடிச்சா சரி பண்ணக்கூடியது. முதல்ல ரத்தம் எடுப்போம். தலையை ஸ்கேன் எடுக்கவும் எழுதித் தர்றேன், அடுத்த வாரம்தான் இடம் இருக்கு. நடுவுல புதுசா எதாவது தெரிஞ்சா, சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல, எனக்குப் போன் பண்ணுங்க."

சரி பண்ணக்கூடியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொத்தானின் காதில் அதுவே கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. தைராய்டு சரி. வைட்டமின் சரி. உப்பும் சரி.

"எதாவது ஒண்ணு குறைஞ்சிருக்கக்கூடாதா?" என்றாள் அம்மா. பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அழுத ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

"நான்தான் சொன்னேனே," என்றார் மாமா. இல்லத்தின் விண்ணப்பத் தாளை அவர் கையோடு கொண்டு வந்திருந்தார். "இது வயசு. நாளைக்குப் போய் இடத்தைப் பாத்துடலாம்."

பொத்தான் பின்கட்டுக்கு ஓடினாள். தாத்தா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ரகசியத்தில் பாதி அவருடையது. அவரைக் கேட்காமல் சொல்வது நியாயமில்லை என்று அவளுக்குப் பட்டது.

"தாத்தா, அந்த விஷயத்தை டாக்டரம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"எந்த விஷயம்மா?"

"அதான் தாத்தா... வண்டி."

"வண்டியா? உங்கப்பன் எடுத்துட்டுப் போயிருப்பான்."

"வேன் இல்ல தாத்தா, தள்ளுவண்டி. நீங்க ஏறினீங்க. நான் தள்ளினேன். கம்பத்துல இடிச்சு உங்க தலையில..."

தாத்தா அவளைப் பார்த்தார். கடைக்குப் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தார்.

"நானா? தள்ளுவண்டியிலயா? நல்ல கூத்தா இருக்கே!" என்று சிரித்தார். "இன்னைக்கு மழை வருமா?"

அவர் நடிக்கவில்லை. பொத்தானுக்கு அது நன்றாகவே தெரிந்தது. இரண்டு பேர் காப்பாற்றி வந்த ரகசியத்தை ஒருவர் மறந்தே போய்விட்டார். இனி உலகத்தில் அது தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

தாத்தா எழுந்து உள்ளே நடந்தார். இடது கால் செருப்பு முக்காலியின் அடியிலேயே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. அந்தக் காலைத் தரையோடு இழுத்து இழுத்துப் போனார். காலையிலிருந்து இது மூன்றாம் தடவை. காலையில் இடது கையிலிருந்த டம்ளரும் நழுவி விழுந்திருந்தது.

பொத்தான் செருப்பை எடுத்துக்கொண்டு சோப்பு மூட்டைமேல் உட்கார்ந்தாள். சொன்னால் அம்மா என்ன செய்வாள்? மாமா எல்லார் முன்னாலும், "உன்னாலதான் அவருக்கு இப்படி ஆச்சு," என்று சொல்லிவிட்டால்? கொஞ்சநேரம் அழுதாள். அழுதபடியே யோசித்தாள். சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவள் சொல்லாவிட்டால் இதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அம்மா நீராவி இஸ்திரியோடு நின்றுகொண்டிருந்தாள். மாமா விண்ணப்பத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, தாத்தாவுக்குத் தலையில அடி பட்டுச்சு."

இஸ்திரி நின்றது. "எப்ப? இப்பவா?"

"பள்ளிக்கூடத்துல குழாய் உடைஞ்சு லீவு விட்டாங்களே, அன்னைக்கு. தள்ளுவண்டியில ஏறினார். கம்பத்துல மோதிடுச்சு. வலது காதுக்கு மேல வீங்குச்சு. அப்புறம் வத்திப்போச்சு. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கிட்டோம். இப்ப அவருக்கு அதுவே ஞாபகம் இல்லம்மா. இடது கால் செருப்பு கழண்டு கழண்டு விழுது, அதுவும் அவருக்குத் தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வண்டியைத் தள்ளினது நான்தான்."

மாமாவின் பேனா தாளின்மேல் அப்படியே நின்றது. அம்மா பொத்தானைப் பார்த்தாள். பொத்தான் கண்ணை மூடிக்கொண்டாள், அடி விழும் என்றே நினைத்தாள்.

கண்ணைத் திறந்தபோது அம்மா போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, புதுசா ஒண்ணு தெரிஞ்சிருக்கு. இருங்க, பார்த்தவகிட்டயே குடுக்கறேன்."

போன் பொத்தானின் கைக்கு வந்தது. டாக்டரம்மா பெரிய மனுஷியிடம் கேட்பது போலக் கேட்டார். என்றைக்கு? எந்தப் பக்கம்? மயக்கம் போட்டாரா? கால் எத்தனை நாளாக இழுக்கிறது? பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

"நல்லா சொன்னே. அம்மாகிட்ட குடு," என்றார் டாக்டரம்மா. பிறகு அம்மாவிடம் பேசியது பொத்தானுக்கும் கேட்டது. "ரத்தம் உறையாம இருக்கறதுக்காகச் சாப்பிடற அந்த மாத்திரையை இப்ப குடுக்காதீங்க. அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டு வாங்க. நான் அங்க சொல்லி வைக்கிறேன்."

கடையின் வேனிலேயே கிளம்பினார்கள். பின்னால் கம்பியில் சட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் தாத்தாவைப் பிடித்தபடி மாமா உட்கார்ந்திருந்தார்.

"துணி குடுக்கவா போறோம்?" என்று கேட்டார் தாத்தா.

"ஆமாங்க," என்றார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா.

"யார் வீட்டுக்கு?"

"பெரிய வீடு. நிறைய பெட்ஷீட் இருக்கு."

"அப்படின்னா நல்ல இடம்தான்," என்று தாத்தா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒருமணி நேரம் கழித்து டாக்டரம்மா எல்லாரையும் ஓர் அறைக்குக் கூப்பிட்டுத் திரையில் படத்தைக் காட்டினார்.

"இது மண்டை ஓடு. இது மூளை. ரெண்டுக்கும் நடுவுல பிறை மாதிரி தெரியுதே, அது ரத்தம். அடிபட்டப்ப ஒரு மெல்லிசான ரத்தக் குழாய் கசிய ஆரம்பிச்சிருக்கு. அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. சொட்டுச் சொட்டா வாரக்கணக்குல சேர்ந்து இப்ப மூளையை அமுக்குது. அதான் மறதி, தூக்கம், கால் இழுக்கறது எல்லாம். வயசானவங்களுக்கு, அதுலயும் அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, சின்ன அடியே போதும்."

"அப்ப இது வயசுக் கோளாறு இல்லையா?" என்று கேட்டார் மாமா.

"இல்ல. மண்டை ஓட்டுல ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் துளை போட்டு ரத்தத்தை வெளிய எடுத்துடுவாங்க. நாளைக்குக் காலையில செய்யலாம்னு சொல்றாங்க. ஆபரேஷன்னா கொஞ்சம் ஆபத்தும் இருக்கத்தான் செய்யும். ஆனா பெரும்பாலும் நல்லா தேறிடுவாங்க."

மாமா பையில் இருந்த விண்ணப்பத் தாளை எடுத்தார். நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் குப்பைக்கூடையைத் தேடினார்.

எல்லாரும் வெளியே போன பிறகும் பொத்தான் அங்கேயே நின்றாள்.

"நான் தள்ளினதாலதான் வந்துச்சா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா அவளுக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அடிபட்டதாலதான் வந்துச்சு. அதை இல்லன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு உனக்கே தெரிஞ்சுடும். ஆனா இவ்வளவு ஆகும்னு உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஸ்கேன் அடுத்த வாரம்னு இருந்துச்சு இல்ல? அதுக்குள்ள அவருக்கு நினைவே தப்பியிருக்கலாம். நீ இன்னைக்குச் சொன்னதாலதான் இன்னைக்கே பாத்தோம்."

பொத்தான் தலையாட்டினாள். மனதில் இருந்த பாரம் முழுவதும் இறங்கிவிடவில்லை. ஆனால் பாதி இறங்கியது.

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. இரண்டு மணி நேரம் என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் மாமா நடைபாதையை நாற்பது தடவையாவது அளந்திருப்பார். அப்பா ஒரே செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா பொத்தானின் கையைப் பிடித்திருந்தாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொத்தானுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள்தான் பொத்தானை உள்ளே விட்டார்கள்.

தாத்தா தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்கை விரிப்பின் ஓரத்தை விரல்களால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொத்தான், இங்க வா. இதைத் தொட்டுப் பாரு. சோப்பே போகல. யார் இவங்களுக்குத் துவைக்கிறது? நம்ம அட்டை ஒண்ணு குடுத்துட்டுப் போகணும். ஆமா, இன்னைக்குத் திங்கட்கிழமை ஆச்சே, கடையில யாரு? நீ பள்ளிக்கூடம் போகல?"

அன்று திங்கட்கிழமைதான். பொத்தானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டிலின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"தாத்தா, உங்களுக்குத் தள்ளுவண்டி ஞாபகம் இருக்கா?"

தாத்தா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது தடவை போயிருக்கக்கூடாது."

"நான் சொல்லிட்டேன் தாத்தா. சத்தியம் பண்ணியும் சொல்லிட்டேன். உங்ககிட்ட கேட்டேன், ஆனா உங்களுக்கு அப்ப ஞாபகமே இல்ல."

தாத்தா விரிப்பின் ஓரத்தை மடித்து நீவினார்.

"டாக்டர் கேட்டதுக்கு, விழவே இல்லன்னு சொன்னேனாமே?"

"ஆமா. சின்னப் புள்ளையான்னு வேற கேட்டீங்க."

"ம்." தாத்தா தன் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நல்ல வேளை, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது ஞாபகம் இருந்துச்சு."

"கோபமா தாத்தா?"

"கோபம்தான். உன்மேல இல்லை. ஒரு குழந்தைகிட்ட போய் இப்படியொரு சத்தியத்தை வாங்கினானே ஒரு கிழவன், அவன்மேல."

அப்போது கதவு திறந்தது. அம்மா வந்தாள். இன்னும் நான்கைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லிவிட்டுத் தாத்தாவையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தப்பு என்னுதும்மா," என்றார் தாத்தா. "ஏறினது நான். மறைக்கச் சொன்னதும் நான்."

"தள்ளினது நான்," என்றாள் பொத்தான்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் அம்மா. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து ஆரம்பித்தாள். சுவரில் எதற்கு எழுதி வைத்தேன், எழுபத்தாறு வயசில் சவாரி கேட்கிறதா, பத்து வயசுக்குப் புத்தி எங்கே போச்சு, ஒரு வார்த்தை அன்றைக்கே சொன்னால் என்ன என்று மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த நர்ஸ், இதுவும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்று நினைத்தாரோ என்னவோ, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சொல் விடாமல் சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.